முந்தின நாள் சிவப்பு

"அந்தச் சிவப்புப் பட்டைகளை எப்போது தீட்டினீர்கள்?" என்று எழுந்து நின்று கேட்டேன்.

மாமல்லபுரத்து விடுதி அரங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாற்பது பேர் அமர்ந்திருந்தோம். ஒவ்வொருவர் முன்னும் ஒரு முதலீட்டுப் படிவம். கையெழுத்திட்டால் வாழ்நாள் சேமிப்பு அதோடு போய்விடும்.

திரையில் பங்குச்சந்தையின் பத்தாண்டு வரைபடம். சந்தைக்கு அமைதி, கொந்தளிப்பு என இரண்டே நிலைகளாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது எப்போது மாறும் என்பதை கூட்டத்தை நடத்திய நிறுவனத்தின் கணிப்பு முறை முன்கூட்டியே காட்டிவிடுமாம். கொந்தளிப்பு நாள்களுக்குச் சிவப்பு.

ஒவ்வொரு சரிவுக்கும் முந்தின நாளே சிவப்பு தொடங்கியிருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் தேர்வறையில் கண்காணித்தவன் நான். இப்படி நூற்றுக்கு நூறு வாங்கிய தாள்களைப் பார்த்தாலே எனக்கு இரத்தம் கொதிக்கும்.

"அதெல்லாம் டெக்னிக்கல் சார். நாஸ்தா ஆறிப்போவுது, வாங்க" என்று சிரித்தார் பொத்தேரியில் முதலீட்டு நிறுவனம் நடத்தும் ஹரிஹரன்.

"சிற்றுண்டிக்காக நான் வரவில்லை!" என் குரல் சுவரில் மோதித் திரும்பியது. "அந்தந்த நாளின் மாலையிலேயே தீட்டியதா? பத்தாண்டு விலைகளையும் பார்த்து முடித்தபின் தீட்டியதா? கணக்குப் போட்டவரே சொல்லட்டும்!"

கணக்குப் போட்டவள் ரூத். கணினியருகே நின்றவள் ஹரிஹரனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது.

"முழுசும் பாத்துட்டுப் போட்டது சார். அன்னன்னி வெலய மட்டும் குடுத்தா, சந்த விழுந்து நாலு நாளு கழிச்சிதான் செவப்பாவும்."

"இன்னா நைனா, விடைத்தாள பக்கத்துல வெச்சிகினு பரீட்ச எழுதினியா?" என்று பின்வரிசையிலிருந்து ஹரிஹரனைப் பார்த்துக் கத்தினார் உடற்கல்வி ஆசிரியர் கண்ணாயிரம்.

படிவங்கள் கிழிபடத் தொடங்கின.

ஹரிஹரனிடம் இப்போது சிரிப்பு இல்லை. "இனிமே ஆபீஸ் பக்கம் வராத" என்றார் அவளிடம்.

அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

நான் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்தேன். காலையில் ரூத் அதை என் காப்பிக் குவளையின் அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் கேட்ட கேள்வி அதில் அப்படியே இருந்தது, ஒரு பிழையும் இல்லாமல்.

அதன் கீழே இன்னும் இரண்டு வரிகள்.

"கோபமாகவே கேளுங்கள், அப்பா. சாந்தமாகக் கேட்டால் நான் பொய் சொல்லிவிடுவேன்."