காலியாகச் சுற்றிய மிஷின்

"தெருவே அணைஞ்சு கிடக்கு டீச்சர். சலவைக்கடையில மட்டும் மிஷின் ஓடுது!"

சலூன்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

டீச்சர் கையிலிருந்த அட்டையைச் சுவரில் சாய்த்தாள். அட்டையில் சிவப்பு மப்ளர் கட்டிய ஒருவர் கண்மூடிக் கிடந்தார். 'இவருக்கு ஒரு கூரை' என்று கீழே எழுதியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்ப மனமில்லாமல், சத்தம் காட்டாமல் அவளே எடுத்த படம்.

பூட்டிக் கிடக்கும் பழைய நூலகத்தைக் குளிர்காலம் முடியும்வரை வீடில்லாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இதுதான் கோரிக்கை. கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மாநகராட்சி அசைந்துகொடுக்கவில்லை.

அப்போதுதான் டீச்சருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு பகல் முழுக்கத் தெருவில் விளக்கு, ஹீட்டர், மிஷின் எதுவும் ஓடக்கூடாது. தெருவில் கிடப்பவர்களின் குளிரை எல்லாரும் ஒரு நாளாவது உடம்பில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

மதியம் ஆணையரே நேரில் வருகிறார். "முழுத் தெருவும் உங்க பக்கம்னா சாவியோட வரேன்" என்று போனில் சொல்லியிருந்தார்.

"ஒரு கடை ஓடினாலும் அதைக் காட்டியே கைகழுவிடுவாரு" என்றார் சலூன்காரர். "அந்த ஆளு சட்டைக்குப் போடற கஞ்சியை நெஞ்சுக்கும் போட்டு வெச்சிருக்கான். நிறுத்துய்யான்னா முடியாதுங்கறான். ஏன்யான்னா, அதையும் சொல்ல முடியாதுங்கறான்."

"நான் போய்ப் பேசறேன்."

"நானும் வரேன். நாலு வார்த்தை நறுக்குன்னு…"

"நீங்க வந்தா நாலோட நிக்காது. இங்கயே இருங்க."

தெருவில் பனி தரைவரை இறங்கியிருந்தது. விளக்கில்லாத கடைகள் பாதித் தூக்கத்தில் நின்றன. நடப்பது தான்தானா என்றே டீச்சருக்குச் சந்தேகமாக இருந்தது. முதலில் சோப்பு வாசனை வந்தது. பிறகு, எங்கோ தூரத்தில் யாரோ தாலாட்டுவதுபோல மிஷினின் சத்தம்.

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தாள்.

"தலை, தலை. பாத்து வாங்க டீச்சர்."

சலவைக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே துணி காயவைக்கும் மிஷின். அதன் வட்டக் கண்ணாடியைக் கடல் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ஊருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

"ஷட்டரை வேணா முழுசா இறக்கிடறேன். விளக்கையும் அணைச்சிடறேன். மிஷின் மட்டும் ஓடட்டும்."

"அப்படி என்ன தலைபோற அவசரம்? யாரு துணி அது?"



டீச்சர் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றி, சுற்றி, தூங்குகிறவரின் மூச்சுபோல.

"உள்ள ஒண்ணுமே இல்லியே!"

"இல்ல."

"வெறும் மிஷினையா ஓட்டறீங்க? எங்களை வெறுப்பேத்தவா?"

"சேச்சே."

கண்ணாடிமேல் வைத்த விரல்கள் கரைவதுபோல இருந்தன. காலையிலிருந்து எவ்வளவு குளிர்ந்து கிடந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கணம் அப்படியே நெற்றியைச் சாய்த்துக் கண்மூடிவிடலாம்போல இருந்தது. அதுவே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"அண்ணே, அந்த ஜனங்களை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க. இந்தக் குளிர்ல, தலைக்குமேல ஒண்ணுமில்லாம…"

"நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நெனச்சா ஆச்சா? நிறுத்துங்க. இல்லேன்னா நானே நிறுத்தறேன்."

ஸ்விட்சில் கை வைத்துவிட்டாள். அவர் தடுக்கவில்லை. எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"நிறுத்துங்க டீச்சர். அதுக்கு முன்னாடி அந்தப் பின்கதவைத் திறந்து ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க. மெதுவா திறங்க. பாத்ததை வெளிய சொல்லிடாதீங்க. மாடிக்காரங்க காதுல விழுந்தா சந்துக்குக் கேட் போட்டுடுவாங்க."

கதவு சத்தமில்லாமல் திறந்தது.

சந்து முழுக்கப் பனி. சுவரில் மிஷினின் காற்றுக்குழாய் வாய் திறந்திருந்த இடத்தில் மட்டும் அது கரைந்து போயிருந்தது. அந்த வெதுவெதுப்புக்குள் வரிசையாக ஆட்கள், சுவரில் முதுகு சாய்த்து, ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் மடியில் குழந்தை வாயைப் பிளந்து உறங்கியது.

வரிசையின் கடைசியில் ஒரு சிவப்பு மப்ளர்.

அந்த முகத்தை டீச்சர் எத்தனையோ அட்டைகளில் ஒட்டியிருக்கிறாள். கண் திறந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கதவருகில் நடுங்கிக்கொண்டு நின்றவளை அவர் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து, பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. இங்க நல்லா சூடு வரும்."

டீச்சர் உட்கார்ந்தாள். சுவர், ஆளின் முதுகுபோல வெதுவெதுவென்று இருந்தது.

"ராத்திரி கண்ணை மூடினா குளிர்ல வெறைச்சிடுவோம்னு நடந்துக்கிட்டே இருப்போம். பகல்ல இங்க வந்தாத்தான் தூக்கம்" என்றார் அவர், மற்றவர்கள் விழித்துவிடாதபடி. "இன்னைக்கு எவ்வளவு நேரம் கிடைக்குமோ தெரியல. யாரோ டீச்சராம், மிஷினை நிறுத்தச் சொல்லிக் கடை கடையா ஏறி இறங்கறாங்களாம். எங்கயாவது பாத்தீங்கன்னா, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கம்மா."