நடையின் மிச்சம்

கணவர் தேவசகாயத்தை அடக்கம் செய்துவிட்டு வந்தபோதும் மேசைமேல் அவருடைய கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. “இதுக்கு பேட்டரி கெடையாது பெர்சிஸ். நான் கைய வீசி நடக்கேம்லா, அந்த ஆட்டத்துலயே உள்ள ஸ்பிரிங் முறுக்கேறிக்கும். கழட்டி வச்சாலும் அது தளருற வரைக்கும் ஓடும்” என்று சொல்லியிருந்தார். அவர் நடந்த நடையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அசைத்தால் புது முறுக்கு ஏறிவிடும் என்று பெர்சிஸ் அதைத் தொடவில்லை. அவர் உயிர் போனபோது அவள் ஊரில் இல்லை. இது நிற்கும்போதாவது பக்கத்தில் இருக்க நினைத்தாள். மறுநாள் காலை முகம் கழுவிவிட்டு வந்தபோது கொழுந்தன் ஆல்வின் அதை உலுக்கிக்கொண்டிருந்தான். “நிக்கப் பாத்துச்சு மதினி. நல்லவேளை, நான் கவனிச்சேன்.” அவள் வாங்கிக் காதில் வைத்தாள். சத்தம் முன்பைவிட நன்றாகவே கேட்டது. “நீயே கட்டிக்கோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.