பொருள், தோற்றம், பிரபலம்

“பேரனுக்குத் தாத்தா பேர்தான்!”

மாமனார் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க வேறு செய்தார்.

பிரசவ வார்டில், பிறப்புப் பதிவுப் படிவத்தோடு நர்ஸம்மா நின்றிருந்தார். “சீக்கிரம் சொல்லுங்க. இன்னும் ஆறு குழந்தைங்க வரிசையில இருக்கு.”

மாப்பிள்ளை படிவத்தை எட்டிப் பார்த்தான். படிவத்தில் ஏறிவிட்டால் பிள்ளை ஆயுசுக்கும் அந்தப் பெயரோடு அல்லவா அலைய வேண்டும்?

“கிளாஸ்ல அந்தப் பேரைக் கூப்பிட்டா எல்லாரும் சிரிப்பாங்க மாமா. நான் யோசிச்சு வெச்சிருக்கிறது ரெண்டே எழுத்து. ஸ்டைலா இருக்கும்.”

“ரெண்டு எழுத்தா? பிள்ளையைக் கூப்பிடவா, நாய்க்குட்டியைக் கூப்பிடவா? சரி, அர்த்தம் என்ன?”

“அது... இன்னும் எழுதலை.”

உண்மைதான். குழந்தைப் பெயர்களுக்கான இணையதளத்தில் அர்த்தம் எழுதுவதுதான் அவன் உத்தியோகம். நாளொன்றுக்கு நாற்பது பெயர். காலையில் சிக்கிய பெயர்களெல்லாம் ‘ஒளி வீசுபவன்’. பசி வந்தால் ‘வாரி வழங்கும் வள்ளல்’. மாலையில் கொட்டாவி வந்தால் ‘அமைதியின் உருவம்’. அதைத்தான் ஊரே தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.

“இருங்க, நெட்ல பார்த்துட்டு வரேன்” என்று வராந்தாவுக்கு நழுவினான். மொபைலிலேயே தளத்துக்குள் நுழைந்தான். துண்டுச்சீட்டில் இருந்த அந்தத் தாத்தா பெயருக்கு மட்டும் விரல்கள் யோசிக்கவே இல்லை.

‘பொருள்: மூட்டை சுமப்பவன். தோற்றம்: சந்தை. பிரபலம்: கடைசி இடம்.’

திரும்பி வந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மொபைலை நீட்டினான். “நான் சொல்லலை மாமா. உலகமே சொல்லுது. பாருங்க.”

மாமனார் படித்தார். கட்டிலில் பிள்ளையை அணைத்துக் கிடந்த மனைவி முனகினாள். “அந்தப் பேரைக் கேட்டாலே இவருக்கு ஆகாதுப்பா. விட்டுடுங்களேன்.”

மாமனார் நிதானமாக மறுபடியும் படித்தார். ஆள் கவிழ்ந்தாயிற்று என்று, மாப்பிள்ளை நர்ஸம்மாவிடம் பேனாவுக்குக் கை நீட்டினான்.

“எவன் எழுதினானோ, சரியாத்தான் எழுதியிருக்கான்” என்று மொபைலைத் திருப்பிக் கொடுத்தார் மாமனார். “மூட்டை தூக்கித்தானே மாப்ளே உங்கப்பா உங்களைப் படிக்க வெச்சாரு!”