வாய் திறக்காத பயணம்

விமானம் இறங்கியதிலிருந்து மாலை ஆறு மணிவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசாமல் இருந்தால் அம்மா பிறந்த ஊர் மருத்துவமனைக்கு ஐம்பது பேர் நன்கொடை தருவார்கள். அதற்காகவே கிளெண்டா ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து அயர்லாந்துக்குத் தனியாக வந்திருந்தாள்.

நன்கொடை விழா நடத்தும் நோரீன் டாக்சி அனுப்பியிருந்தாள். ஓட்டுநர் டோனலுக்கு விஷயம் தெரியாது. மழை, மாடு, மச்சானின் முதுகுவலி என்று மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே வந்தார். கிளெண்டா தலையை மட்டும் ஆட்டினாள்.

மண்டப வாசலில் எல்லோர் முன்னாலும் நோரீன் கேட்டாள்: "ஏம்ப்பா டோனல், இவங்க வழியில வாயத் திறந்தாங்களா?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? இவ்வளவு நல்லாப் பேசற ஆளை நான் வண்டியில ஏத்தினதே இல்லக்கா!"

"அடப்பாவி! நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே!" என்று கத்தினாள் கிளெண்டா.

மணி ஆறாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.