ஓரெழுத்துப் பிழை

கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதிவிட்டு அவள் திரும்பினாள்.

உருக்குலைந்த.

எட்டாம் வகுப்பு மொத்தமும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டது.

"வாக்கியத்துல அமைச்சு எழுதுங்க."

முன்பெஞ்சு ஷாகுல் பேனா மூடியைக் கடித்தான். பக்கத்தில் இருந்தவன் நோட்டுக்குள் தலையைப் புதைத்தான்.

காலையில்தான் தலைமையாசிரியை ரெஜினா தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "பாடத்துல அந்த ஒரு வார்த்தைய மட்டும் விட்ருங்க டீச்சர். பிள்ளைகளுக்கும் சங்கடம், ஒங்களுக்கும் சங்கடம்."

எனக்கென்ன சங்கடம் என்று கேட்க வாயெடுத்தாள். இடப்பக்க உதடு இழுத்துக்கொண்டது. கோபம் வந்தால் இப்போதெல்லாம் அப்படித்தான். பார்ப்பவர்களுக்கு அவள் சிரிப்பதுபோல இருக்கும்.

ரெஜினாவும் பதிலுக்குச் சிரித்தார்.

ஏழு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்திருக்கிறாள். கூட வேலை பார்த்தவர்களே குரலைக் கேட்டபிறகுதான் இன்னாரென்று கண்டுகொண்டார்கள். வருகைப் பதிவுக்குக் கைப்பேசியில் முகம் காட்டினாள். முகம் பொருந்தவில்லை என்றது. மறுபடி காட்டினாள். மறுபடியும் அதையே சொன்னது.

என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் கொட்டிவிட்டது.

கொட்டிவிட்டது. தானாக. அடுப்பில் கிடந்த சட்டி எழுந்து நடந்துவந்து அவள் முகத்தில் கொட்டிவிட்டது.

பயிற்சி வகுப்புக்குச் சென்னை போகிறேன் என்று அவள் சொன்னது அதில் இல்லை. யாரைக் கேட்டு முடிவு செய்தாய் என்று அவள் கணவன் தெய்வசிகாமணி கத்தியது இல்லை. அவன் சட்டியைத் தூக்கியது இல்லை.

துணி வைத்துத்தான் தூக்கினான். தன் கை சுட்டுவிடக் கூடாது என்று, கொடியில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, சட்டியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினான்.

அவளுக்கு மறக்காதது அந்தத் துண்டுதான்.

ஆஸ்பத்திரியில் வாயைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். போலீஸ்காரரிடம் அவளுடைய அண்ணன்தான் பேசினான். "கால் தடுக்கி அடுப்பு மேல விழுந்துட்டா சார்."

அவள் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள்.

"வலியில ஆட்டுதா சார்," என்றான் அண்ணன்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். கட்டுப் பிரித்த அன்றைக்கு அவள் வாய் திறந்தபோது, அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். "இனிமே சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அவரும் இல்லன்னா ஒன்ன யாரு பாப்பா?"

இப்போது தெய்வசிகாமணிதான் அவளைப் பைக்கில் கொண்டுவந்து விடுகிறான். சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறான். ஆசிரியர் அறையில் அவனைப் பற்றி ஒரே பேச்சு. இப்படி ஆனபிறகும் கைவிடவில்லையே. சொக்கத் தங்கம்.

"முடிச்சாச்சா? ஒவ்வொருத்தரா வாசிங்க."

புயலில் உருக்குலைந்த வீடு.

விபத்தில் உருக்குலைந்த பேருந்து.

வெள்ளத்தில் உருக்குலைந்த பாலம்.

வாசிக்கும்போது ஒரு பிள்ளையும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் நல்ல பிள்ளைகள். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைச் சொன்னார்கள், கோயில் தேரைச் சொன்னார்கள், கம்பிவேலியைக்கூடச் சொன்னார்கள். அவளைச் சொல்லாமலிருக்க ஊரையே இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி பெஞ்சில் முத்துப்பேச்சி எழுந்தாள். மலையடிவாரத்திலிருந்து வருகிற பிள்ளை.

"யானை உருக்குலைத்த வாழைத்தோட்டம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"டீச்சர், தப்பு! 'ந்' வரணும். இவ 'த்' போட்டு வச்சிருக்கா!"

"எங்க தோட்டம் டீச்சர்," என்றாள் முத்துப்பேச்சி. முகம் சிவந்துவிட்டது. திருத்துவதற்காகக் குனிந்தாள்.

"திருத்தாத."

அவள் குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. சிரிப்பு நின்றது.

"அது தப்பில்ல. நீங்க எழுதினதும் சரி, அவ எழுதினதும் சரி. ஆனா ரெண்டும் ஒண்ணில்ல."

பிள்ளைகள் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

"உருக்குலைஞ்ச தோட்டம்னா, யாரு செஞ்சான்னு சொல்ல வேண்டாம். சொல்லாமலே வாக்கியம் முடிஞ்சிரும். உருக்குலைச்ச தோட்டம்னா அப்படி விட முடியாது. யாருன்னு கேள்வி வரும். செஞ்சவன் பேரச் சொல்லியாகணும்."

பலகைக்குத் திரும்பினாள். 'ந்' என்ற எழுத்தை உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள். அந்த இடத்தில் 'த்' போட்டாள்.

கையில் ஒட்டிய சுண்ணாம்பைச் சேலையில் துடைத்தாள்.

வெளியே கடைசி மணி அடித்தது. யாரும் பையை எடுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் தெய்வசிகாமணி வந்து நின்றான். ரெஜினாவும் கூட நின்று பேசிக்கொண்டிருந்தார். அவன் பைக் சாவியை விரலில் சுழற்றியபடி பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தான்.

"டீச்சர், சார் வந்துட்டாவ," என்றான் ஷாகுல்.

"இருக்கட்டும். நானும் ஒரு வாக்கியம் எழுதணும்."

பலகை முழுவதையும் அழித்தாள். புதுச் சுண்ணக்கட்டியை எடுத்தாள். பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீளமான பெயர். கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி, ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி எழுதினாள்.

தெய்வசிகாமணி.

ஜன்னலில் நின்றவன் அதைப் பார்த்தான். ரெஜினாவிடம் காட்டி, கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

அவள் இன்னும் இரண்டு சொற்கள் எழுத வேண்டியிருந்தது.