பல்லுக்கு ஒரு பை

அக்காள்மடத்து வீட்டில் அன்று இருந்தது மூன்று பேர்: என் அக்கா பூமயில், மச்சான் பால்சாமி, நான். அவர்களின் ஒரே மகள் வள்ளிமயில் நாலு வயதில் காய்ச்சலில் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மச்சானுக்கு மதுரையில் மில் வேலை கிடைத்திருந்தது. வாசலில் மாட்டுவண்டி நின்றது. அக்கா மட்டும் தரையில் உட்கார்ந்து காலண்டர் படத்தை வெட்டி, மைதாப் பசையால் மூன்று ஓரம் ஒட்டி, சின்னப் பை செய்துகொண்டிருந்தாள். இப்படிச் செய்த பைகளை ஒரு பழைய நோட்டில் ஒட்டுவாள். மகளோடு சேர்ந்து தொடங்கியது. ஒரு பையில் சிப்பி, ஒன்றில் ரிப்பன், ஒன்றில் முடி.

"எந்திரிடி. வண்டிக்காரன் கத்துறான்."

"நான் வரல. பிள்ளைக்குப் பல்லு விழுற வயசு. இங்கனதான வந்து தேடும்?"

"செத்த பிள்ளைக்கு ஏதுடி பல்லு? கிறுக்குக் கழுத!"

மச்சான் நோட்டைப் பிடுங்கி உதறினார். முந்தின நாள் ஒட்டிய ரோஸ் நிறப் பையிலிருந்து ஒரு பால்பல் விழுந்தது. அடியில் ரத்தம் காயவில்லை.

அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் சாணி கொண்டா மாப்ள."

கொண்டுவந்தேன். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரையில் எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மச்சான் வெளியே வந்து ஓலைக்கூரை மேல் எறிந்தார். கையைக் கழுவினார்.

"வண்டியத் திருப்பி அனுப்பிரு."

"மில்லு வேலை, மச்சான்?"

"மத்த பல்லெல்லாம் விழணும்ல மாப்ள."

உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.