வால்வைப் பிடித்தவள்

தொட்டிக்குள் இருக்கும் என்சைமுக்குப் பெராக்சைடுதான் தீனி. கொடுக்காவிட்டால் வேலை செய்யாது. ஒரேயடியாகக் கொடுத்தால் செத்துப்போகும். சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருந்த பம்ப் காலையில் நின்றுவிட்டதால் ரோசலின் வால்வைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். "விட்டுட்டுப் போயிராதம்மா, மொத்த சரக்கும் பாழாயிரும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வேறு பம்ப் தேடிப் போயிருந்தார். ஷிஃப்ட் முடிந்தும் மாற்று ஆள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கணவனை இந்நேரம் ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அவள் கால் மாற்றி மாற்றி நின்றாள். பிடி சற்றுத் தளரும்போதெல்லாம் சொட்டு ஒழுக்காக மாறப் பார்த்தது.

உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாட்ச்மேன் மாசிலாமணி அவளுடைய போனைத் தூக்கிக் காட்டினார். திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினாள். அவர் போனைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு போனை வெளியே மேசைமேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"ரோசலினு..."

"மொத்தமா சொல்லாதீங்கண்ணே" என்றாள், குழாய் நுனியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மொதல்ல யாரு பேசுனாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"டாக்டர் பேசுனாரு."

ஒரு சொட்டு விழுந்தது.

"ம்" என்றவள், வால்வை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.